எஞ்சின் இறங்கும் வரை

ஒரு எஞ்சினை வண்டிக்குள் இறக்க மூன்று பேர் வேண்டும். இரண்டு பேரே போதும் என்று சொல்கிறவர்கள் இதுவரை இறக்கிப் பார்க்காதவர்களாக இருப்பார்கள். இல்லையென்றால், ஓரமாக நின்று கிரேனைப் பிடித்த மனைவியை ஓர் ஆளாகவே எண்ணாதவர்களாக இருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த மூன்றாவது ஆள் நான். டீயும் நான்தான் போடுவேன்.

என் பெயர் ஹிலரி. நாட்டிங்ஹாம் பேருந்து பணிமனையில் முப்பத்தோரு வருடம் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். மாடி பஸ்ஸின் ஒயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போடுவேன். என் கணவன் டெஸ்மண்டுக்கு, ஊருக்கெல்லாம் டெஸ், கார் பைத்தியம். கார் வேண்டுமென்றால் ஊரில் மற்றவர்கள் கடைக்குப் போவார்கள். இவன் போன்றவர்கள் அதை உதிரி உதிரியாக லாரியில் வரவழைத்துத் தாங்களே பூட்டுவார்கள், கிட் கார் என்று அதற்குப் பெயர். நாலரை வருடத்துக்கு முன்பு ஒரு வெறும் இரும்புச் சட்டமும் இருபத்திரண்டு அட்டைப் பெட்டிகளும் ஒரு மெலிந்த புத்தகமும் எங்கள் கராஜுக்கு வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து எங்கள் நிஜமான கார் மழையில்தான் நிற்கிறது.

கூரை கிடையாது, கதவு கிடையாது, இரண்டே இருக்கை. இப்படி ஒரு வண்டி கட்டப்போகிறேன் என்று டெஸ் சொன்னபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முப்பது வருடமாகக் கார் கண்காட்சிகளில் ஈரப் புல்லில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து இவனுக்காகக் காத்திருந்தவள் நான். அந்தப் பிழைப்பு போதும் என்று ஆகிவிட்டது.

"இந்த வண்டியில நான் பக்கத்துல உட்கார்றவ, டெஸ். இடப்பக்கம் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

"பின்ன வேற யாருக்கு, டக்?" என்றான்.

டக் என்றால் வாத்து. எங்கள் பக்கத்தில் கட்டின மனைவியிலிருந்து கசாப்புக் கடைக்காரர் வரை எல்லோரும் எல்லோருக்கும் டக்தான், அதில் விசேஷமாக எதுவும் இல்லை. ஆனாலும் அன்று அந்த வார்த்தை எனக்குத் தித்தித்தது. வண்டி முடிந்ததும் செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் வடக்குக் கடற்கரையை முழுதாகச் சுற்றி வருவது, இருவர் மட்டும், அவசரமில்லாமல். இதுதான் ஏற்பாடு. கை கொடுத்து ஒத்துக்கொண்டோம், சந்தையில் மாடு பிடிப்பவர்கள் போல.

நானும் சும்மா இருக்கவில்லை. வண்டியின் ஒயரிங் முழுக்க என் கை. ஒரு குளிர்காலம் பூராவும் சாப்பாட்டு மேஜையில் ஒயர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். ஒவ்வொரு ஒயர் முனையிலும் எண் ஒட்டி, எந்த எண் எங்கே போகும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். டெஸ்ஸுக்கு ஒயர் என்றால் பயம். நான் காய்ச்சலில் படுத்துவிட்டால்கூட அவன் வேலை நிற்கக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவு நல்லவள்.

எஞ்சின் இறக்க ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்று முடிவானது. காலை ஒன்பது மணிக்கு என் தம்பி நெவில் வேனில் கிரேனை ஏற்றிக்கொண்டு வந்தான். நெவில் சோபா தைக்கிறவன். அவன் ஊரான லாங் ஈட்டனில் கல்லெறிந்தால் சோபா தைக்கிற ஒருவன் மேல்தான் விழும். எஞ்சின் இறக்க வருகிற நண்பனுக்குக் கூலி கிடையாது, பேக்கன் என்கிற வறுத்த பன்றி இறைச்சித் துண்டு வைத்த பன்தான். கிட் கார் கட்டுகிற உலகம் முழுக்க இதுதான் சட்டம்.

"எத்தனை துண்டு வச்சிருக்க, நம்ம ஹில்?" என்று வேனிலிருந்து இறங்கும்போதே கேட்டான்.

"ரெண்டு."

"மூணு வச்சா எஞ்சின் நேரா இறங்கும்."

"போன தடவை அலமாரி தூக்க வந்தப்பவும் இதையேதான் சொன்ன. படிக்கட்டுச் சுவத்துல இன்னும் குழி இருக்கு."

"அது உன் புருஷன் பிடிச்ச பக்கம்."

டெஸ் கராஜுக்குள்ளிருந்து சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் முந்தின நாளே ஒன்றாகப் பூட்டி வைத்திருந்தோம். பின்பக்கம் நசுங்கிப் போன ஒரு ஜப்பான் காரிலிருந்து எடுத்த எஞ்சின் அது, டெஸ் ஒரு வருடம் உட்கார்ந்து புதிதாக்கியது. இறக்கும்போது கியர்பாக்ஸின் வால் கீழே சரிந்தும் எஞ்சினின் மூக்கு மேலே தூக்கியும் இருக்க வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே ஒரு குறுகிய சுரங்கம் போல இருக்கும், அதற்குள் வால் நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளிகூட இருக்காது. வழியில் எது இடித்தாலும் புதுப் பெயின்ட் போய்விடும். அதனால் சட்டத்தைச் சுற்றி ஏதாவது மெத்தென்று கட்டியாக வேண்டும்.

"பழைய ரெண்டு கம்பளி தோட்டத்துக் கொட்டகையில இருக்கு. எடுத்துட்டு வர்றேன்," என்றேன்.

"நீ இரு, நான் போறேன்," என்றான் டெஸ். முழங்கை வரை கிரீஸ்.

"நீ ஏன், நான் போறேன்," என்றான் நெவில், அதே மூச்சில்.

ஒரு கம்பளிக்காக இரண்டு ஆண்பிள்ளைகள் போட்டி போட்டதை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். "கையைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள நான் வந்துடுவேன்," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கம்பளிகள் மேல் தட்டில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் குப்பை போடும் கறுப்புப் பைகளில் பெரிதாக இரண்டு உருவங்கள். ஒன்று டெஸ்ஸின் இருக்கை, அது எனக்குத் தெரியும். இந்த மாதிரி வண்டிகளில் இருக்கையைக் கடையில் வாங்கி வைப்பதில்லை. உட்காருகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி, உடனே அதன் மேல் உட்கார்ந்துவிட வேண்டும். நுரை பொங்கி உடம்பைச் சுற்றி ஏறும், சூடாக இருக்கும். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் அப்படியே அச்சாகிவிடும். அதற்குப் பிறகு வேறு யார் உட்கார்ந்தாலும் பொருந்தாது. பிப்ரவரியில் டெஸ்ஸுக்கு நான்தான் ஊற்றினேன். பின்பக்கம் சுடுகிறது என்று அவன் அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என்னுடையதை எப்போது செய்வது என்று கேட்டதற்கு, நடுச் சுரங்கத்தை மூடித் தோல் ஒட்டின பிறகுதான் இடப்பக்க அளவு சரியாக வரும் என்றான். வலப்பக்கத்துக்கு இல்லாத சட்டம் இடப்பக்கத்துக்கு எப்படி என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது பையைப் பிரித்தேன். அதுவும் இருக்கைதான். ஓரங்களை ரொட்டிக் கத்தியால் சீவி, தைப்பதற்குக் கோடு போட்டு, தயாராக இருந்தது.

எனக்காக ரகசியமாகச் செய்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஆகஸ்டில் எனக்குப் பிறந்த நாள் வருகிறது. நான் இல்லாமல் எனக்கு எப்படி அச்சு எடுக்க முடியும் என்பது அந்த நொடியில் தோன்றவே இல்லை. கொட்டகைத் தரையில் அதை வைத்து, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

இடுப்பு உள்ளே போகவில்லை. நான் குள்ளம், அகலம், கெட்டில் போன்ற உடம்பு. அந்தக் குழி ஒரு சிறு பெண்ணின் இடுப்பளவு இருந்தது. தோள்பட்டைக்கான பள்ளங்கள் என் காதுக்கு மேலே இருந்தன. யாரோ உயரமான, ஒல்லியான ஒருத்தி அதில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகெலும்பு போன வழியைக்கூட விரலால் தடவிப் பார்க்க முடிந்தது. அதைத் தடவியும் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை.

பின்பக்கம் திருப்பினேன். சிவப்புப் பேனாவில் தேதி, பதினான்கு ஏப்ரல். பக்கத்தில் வட்டம் போட்டு எல் என்று ஓர் எழுத்து. கையெழுத்து என் தம்பியுடையது. வெட்டுகிற ஒவ்வொரு நுரைத் துண்டிலும் தேதி போட்டு, யாருடையது என்று எழுதுவது அவன் தொழிற் பழக்கம். எல் என்றால் லெஃப்ட், இடப்பக்கம். அப்படித்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பிறகு டெஸ்ஸின் இருக்கையைத் திருப்பிப் பார்த்தேன். வலப்பக்கத்துக்கு ஆர் என்று இருந்திருக்க வேண்டும். டி என்று இருந்தது, டெஸ்ஸின் டி.

ஏப்ரல் பதினான்காம் தேதி நான் பணிமனைத் தோழிகளோடு விட்பி கடற்கரையில் மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தேன். போய்விட்டு வா, நீயும் கொஞ்சம் காற்று வாங்கு என்று வற்புறுத்தி அனுப்பியவன் டெஸ்.

எங்களுக்குத் தெரிந்து எல்லில் தொடங்குகிற உயரமான ஒல்லிப் பெண் ஒருத்திதான். லோர்னா, எங்கள் கிட் கார் சங்கத்தின் செயலாளர், மாட்லாக்கில் இருப்பவள். போன வருடக் கண்காட்சியில் அவள் வண்டி கிளம்பவில்லை என்று, அதன் அடியில் தலைகீழாகக் கிடந்து ஒயர் மாற்றியவள் நான். அந்த ஒரு மணி நேரமும் அவளும் டெஸ்ஸும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். வரும்போது எனக்கும் ஒன்று வாங்கி வந்தார்கள், ஆறிப் போயிருந்தது.

இருக்கைகளைப் பழையபடி பைக்குள் போட்டு மேல் தட்டில் வைத்தேன். உடனே போய்க் கத்தியிருக்கலாம்தான். ஆனால் டெஸ்ஸை எனக்குத் தெரியும். பதில் சொல்ல இஷ்டமில்லாத கேள்வி வந்தால் எழுந்து தண்ணீர் கொதிக்க வைக்கப் போவான். முப்பத்தாறு வருடத்தில் எத்தனையோ கேள்விகள் அப்படி டீயாகிப் போயிருக்கின்றன. எனக்கு அவன் எழுந்து போக முடியாத ஓர் இடம் வேண்டியிருந்தது. அது பத்து நிமிடத்தில் வரப்போகிறது என்றும் தெரியும்.

கம்பளிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"கிடைச்சுதா?" என்றான் நெவில்.

"கிடைச்சுது," என்றேன்.

வேலை தொடங்கியது. டெஸ், இருக்கை இல்லாத வண்டிக்குள் தரையில் உட்கார்ந்து, வாலைப் பிடிக்க இரண்டு கைகளையும் சுரங்கத்துக்குள் விட்டான். நெவில் முன்னால் நின்று எஞ்சின் ஆடாமல் அணைத்துக்கொண்டான். கிரேனின் வால்வு என் கையில். அதை ஒரு மயிரிழை திறந்தால் எஞ்சின் ஒரு விரற்கடை இறங்கும். கொஞ்சம் அதிகம் திறந்தால் மொத்தமும் விழும்.

"இறக்கு… இறக்கு… நில்லு. நெவ், உன் பக்கம் கொஞ்சம் இழு."

"ஸ்டியரிங் தண்டு இடிக்குதுடா."

"இடிக்காது. இறக்கு, டக். மெதுவா."

வால் சுரங்கத்துக்குள் நுழைந்தது. டெஸ்ஸின் முன்கைகள் அதற்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே இருந்தன. இன்னும் இரண்டு அங்குலம் இறங்கினால் அடியில் போல்ட்டைச் செருகிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். அதற்கு முன்னால் எடுக்க முடியாது. நெவிலும் விட முடியாது, விட்டால் எஞ்சின் ஆடிப்போய் பிரேக் குழாய்களை நசுக்கிவிடும்.

நான் வால்வை மூடினேன்.

"இன்னும் ரெண்டு இன்ச், ஹில்."

"டெஸ், எல் யாரு?"

"என்னது?"

"உன் சீட்டுல 'டி'ன்னு எழுதியிருக்கு. இன்னொண்ணுல எல்லுன்னு எழுதியிருக்கு. அது யாரு?"

"லெஃப்ட்டு," என்றான். "இடப்பக்கம்."

"அப்ப உன்னோடதுல ஆர்னு இருக்கணும்."

நெவில் என்னைப் பார்க்கவில்லை, டெஸ்ஸைப் பார்த்தான். என் கூடப் பிறந்தவன், மாட்டிக்கொண்ட கூட்டாளியைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தான். அதற்குப் பிறகு எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் அவன் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது.

"முதல்ல இறக்கு, ஹில். கை மாட்டிக்கிட்டு இருக்கு."

"தெரியும். அதனாலதான் இப்ப கேக்கறேன்."

"லோர்னா," என்றான். அவன் காதுகள் சிவந்திருந்தன.

"எவ்வளவு நாளா?"

"போன வருஷம் கண்காட்சியிலேர்ந்து."

"ஸ்காட்லாந்து?"

கிரேனின் சங்கிலி லேசாக முனகியது.

"டெஸ், ஸ்காட்லாந்து என்னாச்சு?"

"அவளோட போறதா இருக்கேன்."

"போயிட்டு?"

"போயிட்டு… அவ வீட்டுக்கு. இங்க திரும்பி வர்றதா இல்ல, ஹில். உன்னைக் கஷ்டப்படுத்தணும்னு இல்ல."

இரண்டு கையாலும் கிரேனைப் பிடித்துக்கொண்டேன். அவன் போகிறான் என்பதைவிட, இதை எத்தனை வேளை என் எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டே மனத்துக்குள் வைத்திருந்தான் என்பதுதான் முதலில் வலித்தது.

"எப்ப சொல்றதா இருந்த?"

அவன் எஞ்சினைப் பார்த்தான். "இது இறங்கினதும்."

"என்னது?"

"எஞ்சின் இறங்கினதும் சொல்லலாம்னு இருந்தேன்."

சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. சரியாகத்தான் விழுந்திருந்தது. கிரேனைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளிடம் முன்னாடியே சொல்லிவிட்டால் யார் பிடிப்பது?

"அப்புறம் ஒயர்? அதை யாரு மாட்டறதா இருந்தது?"

"அது…" என்று தயங்கினான். "நீதான் எல்லாத்துலயும் நம்பர் ஒட்டி வச்சிருக்கியே. புத்தகமும் இருக்கு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அழுகைக்கு முன்னால் வருகிற அந்தக் கேவலமான சிரிப்பு. என்னை விட்டுப் போவதற்கு வழிகாட்டிப் புத்தகம் எழுதிக் கொடுத்ததும் நானே.

"ஹில்," என்றான் நெவில். இரண்டு கையாலும் எஞ்சினைக் கட்டிக்கொண்டு நின்றான், மூச்சு வாங்கியது. "அவன் மேல மட்டும் கோபப்படாத. அவன் ஏப்ரல்லயே உன்கிட்ட சொல்லிடறேன்னுதான் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். முதல்ல எஞ்சின் இறங்கட்டும்டா, அப்புறம் சொல்லுன்னேன். நாலரை வருஷ உழைப்பு பாதியில நின்னு போயிடக் கூடாதுன்னு."

"யாரோட நாலரை வருஷம், நெவ்?"

இவனுக்கு ஆறு வயதில் அம்மை போட்டபோது ராத்திரி பூராவும் விசிறியவள் நான். அம்மா போன பிறகு இவன் கல்யாணத்துக்கு அம்மா ஸ்தானத்தில் நின்றவள் நான். அக்காவைவிட ஒரு எஞ்சின் பெரிதாகப் போய்விட்டது. டெஸ்ஸின் துரோகத்துக்குக்கூட ஊரில் ஒரு பெயர் இருக்கிறது, தினமும் எங்காவது நடக்கிறது. தம்பியின் துரோகத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் நெஞ்சில் போய் நின்றது.

கை வால்வின் மேலேயே இருந்தது. ஒரு நொடி என்ன நினைத்தேன் என்று நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. டெஸ்ஸும் அதை என் முகத்தில் பார்த்தான், ஏனென்றால் அவன் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. முப்பத்தோரு வருடத்தில் என் கையால் பணிமனையில் ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட ஏற்பட்டதில்லை. வால்வை இன்னும் இறுக்கினேன். சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். கிரேனின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தேன். எடை முழுக்கக் கிரேனில் இருந்தது, விழாது. அவன் கையும் நசுங்காது, வெறுமனே மாட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தேன்.

"எங்க போற?" என்றான் நெவில்.

"மூணாவது ஆளைக் கூப்பிடறதுக்கு."

"ஹில், தமாஷ் பண்ணாத. ஹில், கைக்கு ரத்தம் ஓடல," என்று டெஸ் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்குள் வந்தேன். சங்க உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் சமையலறைச் சுவரில் எப்போதும் தொங்கும், எல்லா வீடுகளிலும் காலண்டர் தொங்குவது போல. செயலாளர் பெயர்தான் முதல் வரி. வீட்டுத் தொலைபேசியில் எண்களை அழுத்தினேன். அவளிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று கராஜிலிருந்து வரும் வழியிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது, டெஸ் அவளையும் ஏமாற்றியிருப்பான் என்றுகூட ஒரு மூலையில் நினைத்துக்கொண்டேன். யாராவது ஒருவராவது என்னைப் போல இருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். எங்கள் வீட்டு எண்ணைப் பார்த்ததும் எடுத்திருப்பாள்.

"டெஸ்?" என்றாள். குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "எஞ்சின் இறங்கிடுச்சா? அவகிட்ட சொல்லிட்டியா?"

என் முப்பத்தாறு வருடம் என்றைக்கு முடிகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன். கராஜிலிருந்து நெவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"இன்னும் இறங்கல, லோர்னா," என்றேன். "பாதியில தொங்குது. நீ வந்து இறக்கிக்கோ."

மாட்லாக்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும்.